கலெக்டருக்குக் குற்றாலத் தண்ணீர்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், போகத்தான் நாளாகும். தென்காசியில் எங்கள் கடைவரிசையில் இது எல்லாருக்கும் தெரியும். கால் கிலோ ஆணி வாங்க வருகிறவர்கள்கூட முதலில் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். அந்தக் கோபத்தில் நான் செய்த காரியங்களில் ஒன்று, என் ஹார்டுவேர் கடைக்கும் பக்கத்துக் கடைக்கும் நடுவில், வாசலில் நானே கரண்டி பிடித்துக் கட்டிய சிமெண்டு மேடு. நான்கு விரல் உயரம், படியிலிருந்து சாக்கடை வரைக்கும்.

பக்கத்துக் கடை மீன் கடை. தின்கிற மீன் இல்லை, வளர்க்கிற மீன். நடத்துகிறவள் அலிமா, கடையநல்லூர்க்காரி, முப்பத்தைந்து வயதிருக்கும். காலையில் தொட்டிகளைக் கழுவிப் பழைய தண்ணீரை வாசலில் விடுவாள். அது சரிவு பார்த்து என் வாசலுக்கு வரும். ஒரு நாள் என்னுடைய சிமெண்டு மூட்டை ஒன்று அடியில் நனைந்து கட்டியாகிவிட்டது. நான் கத்தினேன், அவள் மன்னிப்புக் கேட்டாள். மறுநாளும் தண்ணீர் வந்தது. அன்று மதியமே மேடு எழும்பிவிட்டது. அதற்குப் பிறகு அவள் தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து கடைக்குப் பின்னால் கொண்டுபோய் ஊற்றினாள். ஒரு வார்த்தை பேசவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு எட்டு மாதம் இருந்தேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. நான் நன்றி சொல்ல உட்கார்ந்திருப்பது அந்த அலிமாவுக்குத்தான்.

எங்கள் வீடு மேலகரத்தில். எனக்கும் என் மனைவி ரூபிக்கும் பிள்ளை இல்லை. அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை; விஷயம் புரியவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். தென்காசி தனி மாவட்டமான வாரத்தில் ரூபி அலிமாவின் கடையிலிருந்து ஒரு தங்கமீன் வாங்கி வந்தாள். தலையில் குல்லாய் வைத்ததுபோல் சிவப்புச் சதை, உப்பிய கன்னம். இரண்டடித் தொட்டிக்குள் மெதுவாக வலம் வந்து எல்லாவற்றையும் பார்வையிடும். நான் கேலியாகக் கலெக்டர் என்றேன். பெயர் ஒட்டிக்கொண்டது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ரூபி குவைத்துக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் உள்ளே போகுமுன் திரும்பிப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"கலெக்டர நல்லா பாத்துக்கிடுங்க."

"என்னைய யாரு பாத்துக்கிடுவா?" என்றேன் எரிச்சலாக.

"அது பாத்துக்கிடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

தினமும் சாயங்காலம் ஏழரைக்கு வீடியோவில் கூப்பிடுவாள். முதலில் போனைத் தொட்டிக்கு நேராகப் பிடிக்கவேண்டும். கலெக்டர் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து மூடும். அவள் அதோடு இரண்டு வார்த்தை பேசுவாள், சிரிப்பாள். அதன்பிறகுதான் என் முறை. போனில் நாங்கள் சண்டை போட்ட நாட்கள் நிறைய. முந்தின நாள் கோபத்தில் பாதியில் நிறுத்திய பேச்சை மறுநாள் எப்படித் தொடங்குவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. கலெக்டர்தான் தொடங்கி வைக்கும். அது இல்லாமல் அந்த மூன்று வருஷம் எப்படிப் போயிருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பயம்.

இந்த வருஷம் ஜூன் கடைசியில் சாரல் நன்றாகப் பிடித்தது. ஆகஸ்டு நடுவில் ரூபி வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வருவதாக டிக்கெட் போட்டிருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை எண்ணெய் தேய்த்துக்கொண்டு குற்றாலம் ஐந்தருவிக்குப் போனேன். கூட்டமில்லை. ஒரு மணி நேரம் நின்று குளித்ததில் தலை லேசாகி, மனமும் லேசாகிவிட்டது. எனக்கு மனம் லேசாவது ஆபத்து என்று இப்போது தெரிகிறது.

எங்கள் ஊரில் குற்றாலத் தண்ணீரைத் தண்ணீர் என்று யாரும் நினைப்பதில்லை, மருந்து என்றுதான் நினைப்போம். மலையில் இருக்கிற மூலிகையெல்லாம் நனைந்து வருகிற தண்ணீர். தலைவலிக்கு ஆகும், முடி கொட்டுவதற்கு ஆகும், பைத்தியத்துக்கே ஆகும் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஸ்கூட்டரில் வைத்திருந்த இரண்டு பத்து லிட்டர் கேன்களையும் நிரப்பினேன். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருப்பதால் ஒரு நாள் வாளியில் வைத்திருந்துதான் தொட்டியில் ஊற்றவேண்டும் என்று ரூபி சொல்லிக் கொடுத்திருந்தாள். இதில் குளோரின் ஏது? வீட்டுக்கு வந்ததும் தொட்டியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, இரண்டு கேனையும் அப்படியே கவிழ்த்தேன். கலெக்டருக்கும் ஒரு சீசன் குளியல் ஆகட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். என் மேலேயே எனக்குப் பெருமையாக இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் ரூபி பேசிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். போனைக் கொஞ்சம் கிட்டே பிடிக்கச் சொன்னாள்.

"அது ஏன் கல்லுல உடம்ப உரசுது? செட்டையெல்லாம் ஒடுக்கி வச்சிருக்கு. தண்ணியில எதையாவது போட்டீயளா?"

"அதுக்கு முதுகு அரிக்கி. நமக்கு அரிக்காதா?" என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன். குவைத்தில் இருக்கிறவளுக்குத் தெரிகிறது, அதே ஹாலில் உட்கார்ந்து சோறு தின்கிற எனக்குத் தெரியவில்லை. அந்த எரிச்சல்.

சனிக்கிழமை காலை பார்த்தபோது கலெக்டரின் வாலில் ரவை ஒட்டியதுபோல் ஏழெட்டு வெள்ளைப் புள்ளி. மத்தியானத்துக்குள் முதுகிலும் கன்னத்திலும் வந்துவிட்டது. போட்ட தீனி அப்படியே மிதந்தது. கலெக்டர் மூலையில் தலையைக் கீழே வைத்து நின்றது. அன்று சாயங்காலம் ரூபியிடம் நெட் சரியில்லை என்று சொல்லிக் குரலில் மட்டும் பேசினேன். அவள் சரி என்றாள். அவள் சரி என்று சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

தென்காசியில் மீனுக்கு வைத்தியம் கேட்க எனக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சட்டையைக்கூட மாற்றாமல், நான் கட்டிய மேட்டை நானே தாண்டிக்கொண்டு அலிமா கடைக்குள் போனேன். எட்டு மாதம் கழித்து என்ன சொல்லித் தொடங்குவது? வெயில் இல்லை, நல்ல சாரல் என்றேன். ஆமா அண்ணாச்சி என்றாள். பிறகு போனை நீட்டினேன். அதில் கலெக்டரை வீடியோ எடுத்து வைத்திருந்தேன்.

அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். முகம் மாறிவிட்டது.

"இது ரூபியக்கா மீனுல்லா" என்றாள். நோயை அவள் முதலில் பார்க்கவில்லை, மீனைத்தான் பார்த்தாள்.

அதன்பிறகு கேள்வி மேல் கேள்வி. எத்தனை நாளாக உரசுகிறது, தின்கிறதா, செவுள் வேகமாக அடிக்கிறதா, புது மீன் எதுவும் விட்டோமா. கடைசியாகத் தண்ணீர் எங்கேயிருந்து எடுத்தது என்று கேட்டாள். குழாய்த் தண்ணீர்தான் என்றேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"அண்ணாச்சி, டாக்டர்ட்டயும் மீன்காரிட்டயும் பொய் சொன்னா வைத்தியம் பலிக்காது."

சொன்னேன். ஐந்தருவி, இரண்டு கேன், சீசன் குளியல் எல்லாம். அவள் சிரிப்பாள், நான் கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்று ஒரு பக்கம் காத்திருந்தேன். அவள் சிரிக்கவில்லை. ஒவ்வொரு சீசனுக்கும் நாலு பேராவது இதே கதையோடு வருவார்களாம். வெளியூர்க்காரன் எவனும் வருவதில்லை, தென்காசி, மேலகரம், இலஞ்சிக்காரர்கள்தான்.

"நாம அருவியில நிக்கணும்னா முதல்ல கால நனைக்கோம், பொறவு தலைய நனைக்கோம், பொறவுதான உள்ள போறோம். அத நேரா பிடிச்சு உள்ள தள்ளி விட்டுட்டீய. திடீர்னு குளிர்ந்தா மீனுக்கு நோய எதிர்க்குற சக்தி போயிரும். ஓடுற தண்ணியில இந்தக் கிருமியும் கூட வந்திருக்கும்."

அது வெள்ளைப் புள்ளி நோய். அலிமா விளக்கிய விதத்தில் எனக்கு விளங்கியது இவ்வளவு. புள்ளி என்று நாம் பார்ப்பது தோலுக்கு அடியில் கூடு கட்டியிருக்கிற கிருமி. அங்கே இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. தின்று கொழுத்துக் கீழே விழுந்து, தொட்டியின் அடியில் நூற்றுக்கணக்காகப் பெருகி, மறுபடி மீனைத் தேடி நீந்தி வரும். நீந்தி வருகிற அந்த நேரத்தில்தான் அதைக் கொல்லமுடியும். அதனால் தண்ணீரைச் சூடாக்கி அதன் பிழைப்பை வேகப்படுத்தவேண்டும். உப்புப் போட்டு வழியில் மறிக்கவேண்டும்.

சூடேற்றுகிற ஒரு குழாயும், வெப்பம் பார்க்கிற கண்ணாடிக் குச்சியும் தன் தொட்டி ஒன்றிலிருந்து கழற்றிக் கொடுத்தாள். ஒரேயடியாக ஏற்றக்கூடாது, சில மணி நேரத்துக்கு ஒரு டிகிரியாக முப்பது வரை. சூடான தண்ணீரில் காற்று குறையும், அதனால் குமிழி விடுகிற மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். லிட்டருக்கு மூன்று கிராம் கல்லுப்பு, அயோடின் கலக்காதது, அதையும் மூன்று பங்காகப் பிரித்து, ஒரு நாளுக்கும் மேல் நேரம் எடுத்துக்கொண்டு போடவேண்டும். அறுபது லிட்டருக்கு நூற்றெண்பது கிராம். ஆணி நிறுக்கிற தராசில் உப்பு நிறுத்தேன்.

"புள்ளி போயிட்டுன்னு நிறுத்திராதீய" என்று வாசல் வரை வந்து சொன்னாள். "கடைசிப் புள்ளி மறைஞ்சு பத்து நாளு வரைக்கும் செய்யணும்."

ஐந்தாம் நாள் கலெக்டர் மேலே ஒரு புள்ளி இல்லை. மூலையை விட்டு வந்து இரண்டு உருண்டை தின்றது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று சாயங்காலம் ரூபிக்கு வீடியோவில் காட்டினேன். தொட்டியில் கிடக்கிற அந்தக் குழாய் எதற்கு என்று கேட்டாள். குளிருக்கு என்றேன். மறுநாள் அவள் இன்னும் கேள்வி கேட்பாளே என்று அதைக் கழற்றி வைத்துவிட்டு, உப்புத் தண்ணீரையும் பாதிக்கு மேல் மாற்றிவிட்டேன். புள்ளிதான் இல்லையே, மீன்கடைக்காரி சொன்னதை எழுத்துக்கு எழுத்து செய்யவேண்டுமா என்ன. இது நான் செய்த இரண்டாவது தப்பு. முதல் தப்பு தெரியாமல் செய்தது, இது அப்படியில்லை.

அதிலிருந்து நாலாம் நாள் விடிந்தபோது கலெக்டர் உப்பில் புரட்டி எடுத்ததுபோல் இருந்தது. தண்ணீர் மட்டத்தில் வாயை வைத்துத் திறந்து திறந்து மூடியது. செவுள் அடிப்பதை என்னால் பார்க்கமுடியவில்லை. குழாயை மறுபடி மாட்டினேன், உப்புப் போட்டேன், கடைக்கு வந்தேன். அலிமா முகத்தில் விழிக்க வெட்கம். கல்லாவில் உட்கார்ந்து ஒரு பெயிண்டு டப்பாவைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

அலிமா பின்பக்கம் வாளி கொண்டுபோகிறவள், மேட்டுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"நிறுத்திட்டீயளா அண்ணாச்சி?"

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவள் வாளியை அங்கேயே வைத்தாள், கடையை இழுத்துச் சாத்தினாள், தன் ஸ்கூட்டரை எடுத்தாள். நான் முன்னால் போக, அவள் சாரலில் நனைந்துகொண்டு பின்னாலேயே மேலகரத்துக்கு வந்தாள்.

ஹாலில் தரையில் உட்கார்ந்து போன் வெளிச்சத்தில் கலெக்டரை வெகுநேரம் பார்த்தாள். செவுளுக்குள்ளும் ஏறிவிட்டது, பிழைப்பது பாதிக்குப் பாதி என்றாள். பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. தண்ணீர் மட்டத்தைக் குறைத்து, குமிழி மோட்டாரை ஒன்றுக்கு இரண்டாக்கினாள். இனி தினமும் அடித்தண்ணீரைக் கூழாங்கல் இடுக்கிலிருந்து உறிஞ்சி எடுக்கவேண்டும், விழுந்து கிடக்கிற கிருமி அதோடு போகும். அதே சூட்டில், அதே அளவு உப்போடு வேறு தண்ணீர் ஊற்றவேண்டும் என்றாள். முதல் தடவை அவளே செய்து காட்டினாள். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். என்ன காரணமோ, எனக்காக ஏன் இவ்வளவு செய்கிறாய் என்று கேட்டுவிட்டேன்.

"உங்களுக்காகன்னு நினைக்காதீய" என்றாள் அலிமா, கையைத் துடைத்துக்கொண்டு. "எங்க வீட்டு ஆளும் ஷார்ஜாவுலதான் இருக்காவ, ஒன்பது வருஷமா. போன்ல காட்டுறதுக்கு வீட்டுல உயிரோட ஒண்ணு இருக்கணும் அண்ணாச்சி. இல்லன்னா என்னத்தப் பேச?"

அவள் போனபிறகு நான் அந்த ஹாலில் உட்கார்ந்து அழுதேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, அழுதேன்.

அன்று ஏழரைக்கு ரூபி கூப்பிட்டபோது போனைத் தொட்டிக்கு நேராகப் பிடித்தேன். அவள் பார்த்தாள். ஐந்தருவித் தண்ணீரிலிருந்து, நெட் சரியில்லை என்று சொன்னதிலிருந்து, பாதியில் நிறுத்தியதுவரை எல்லாம் சொன்னேன். அவளுடைய கலெக்டரை நானே கொன்றுவிடுவேன் போலிருக்கிறது என்றும் சொன்னேன். ரூபி நர்ஸ், கெட்ட செய்தியை நின்று கேட்கத் தெரிந்தவள்.

"யாரு பாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

"அலிமா."

"அப்ப சரி." கொஞ்சம் மூச்சு விட்டாள். "அவ வெள்ளிக்கிழமைதோறும் எனக்குப் போன் பண்ணுவா. புதுசா வந்த மீனெல்லாம் காட்டுவா. நீங்க எப்படி இருக்கீயன்னு கேப்பேன். அண்ணாச்சி நல்லா இருக்காவன்னுதான் சொல்லுவா."

எட்டு மாதம். முப்பதுக்கு மேல் வெள்ளிக்கிழமை. பின்பக்கம் வாளி சுமந்த கையோடு போனை எடுத்து, அண்ணாச்சி நல்லா இருக்காவ. நான் மேட்டைப் பற்றியும் ரூபியிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

மறுநாளிலிருந்து தினமும் இருபது லிட்டர் எடுத்து, இருபது லிட்டர் ஊற்றினேன். குளியலறையிலிருந்து ஹாலுக்குப் பத்தடி தூரம்தான். மூன்றாம் நாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைக்கு வந்து, அலிமா கடை வாசலில் நின்று அவளுடைய தொட்டிகளை எண்ணிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு. நான் ஒரு தொட்டிக்கே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

உள்ளே போய் உளியும் சுத்தியலும் எடுத்துவந்தேன். சிமெண்டை நல்ல தரமாகத்தான் கலந்திருந்தேன்; உடைக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. சத்தம் கேட்டு அலிமா வெளியே வந்தாள்.

"தண்ணி உங்க வாசலுக்கு வரும் அண்ணாச்சி."

"வரட்டும்மா. மூட்டைய எல்லாம் பலகை மேல ஏத்திட்டேன்."

பலகை என் கடைக்குள்ளேயே கிடந்தது, எட்டு மாதமாக. மூட்டை நனைந்த அன்றே அதை எடுத்துப் போட்டிருந்தால் வேலை முடிந்தது. அது எனக்கு அப்போது தோன்றவில்லை, கத்தத்தான் தோன்றியது. நான் நிமிர்ந்து, என்னை மன்னிச்சிரும்மா, ரொம்ப நன்றி என்றேன். இந்த இரண்டையும் நான் ஒரே மூச்சில் யாரிடமும் சொன்னதில்லை. அவள் இருக்கட்டும் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டு, துடைப்பத்தை எடுத்து என்னோடு சேர்ந்து சிமெண்டுத் தூளைக் கூட்டினாள்.

கலெக்டர் ஒன்பதாம் நாள் தின்றது. பன்னிரண்டாம் நாள் கடைசிப் புள்ளி போனது. அதற்குமேல் பத்து நாள், ஒரு நாள் பிசகாமல், வாளி சுமந்தேன். வால் ஓரத்தில் கொஞ்சம் கிழிந்தது மட்டும் வளரவில்லை. அது இருக்கட்டும் என்றாள் அலிமா.

ஆகஸ்டில் ரூபி வந்தாள். திருவனந்தபுரத்திலிருந்து செங்கோட்டை வழியாக வந்த கார் நேரே வீட்டுக்குப் போகவில்லை. கடைக்கு விடச் சொன்னாள். அலிமாவும் அவளும் வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு ரூபி குனிந்து தரையைப் பார்த்தாள். இரண்டு கடைக்கும் நடுவில், படியிலிருந்து சாக்கடை வரை, உளி கொத்திய தழும்பு. அது என்ன என்று கேட்டாள். அலிமா எங்கேயோ பார்த்தாள். நான் சொன்னேன், கட்டியதையும் உடைத்ததையும். ரூபி கேட்டுவிட்டு என்னோடு காரில் ஏறினாள். மேலகரம் வரும்வரை ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சண்டை வரப்போகிறது என்று நினைத்தேன். வந்தால் வாங்கிக்கொள்வதென்று இருந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே தொட்டிக்கு முன்னால் போய் முழங்காலிட்டாள். கலெக்டர் கண்ணாடிக்கு வந்து வாயைத் திறந்து மூடியது. யார் முகத்தைப் பார்த்தாலும் அது அப்படித்தான் வரும். அதை நான் சொல்லவில்லை.

ரூபி கிழிந்த வாலைப் பார்த்தாள். பிறகு திரும்பி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி நிற்கிற என்னைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. மறுபடி கண்ணாடியில் விரலை வைத்து மீனிடம் சொன்னாள்.

"நான் சொன்ன மாதிரியே இவங்கள நல்லாத்தான் பாத்துக்கிட்டிருக்க."